ஒன்றாம் நம்பர் ஆணி

அன்று காலை மாட்டு மந்தைக்காரன் டாப்னியின் ஆட்கள் பாலத்தைத் தாண்டி வந்தபோது ஒருவன்கூட என் வாசலில் குதிரையை நிறுத்தவில்லை.

கொம்பு வில்லைகளைக் கோத்த கம்பியைக் கையில் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். மாட்டுக் கொம்பைக் குறுக்கே அறுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எண் சுட்ட வில்லைகள் அவை. டன்மோர் ஊருக்குள் வருகிறவன் யாராக இருந்தாலும் பாலத்தடியில் இருக்கும் என் சாப்பாட்டுக் கடையில் துப்பாக்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்த எண் போட்ட வில்லையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் மேலே போகவேண்டும். திரும்பிப் போகும்போது வில்லையைக் கொடுத்தால் துப்பாக்கி கிடைக்கும். ஊர்ச் சட்டம் அது. வில்லை இல்லாமல் வந்தவன் அழுதாலும் நான் கொடுத்ததில்லை.

என் சுவர் முழுக்க ஆணிகள். அவற்றில் ஒன்றாம் நம்பர் ஆணி மட்டும் எப்போதும் காலி. அது ஊர்க் காவலைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மார்ஷல் ஏசா லட்லோவுக்கு என்று நானே வேடிக்கையாக ஒதுக்கியது. ஊருக்குள் துப்பாக்கி கட்டலாம் என்றிருந்த ஒரே ஆள் அவர்தான்.

"என்னைக்காவது ஒரு நாள் வந்து மாட்டறேன் லவினியாம்மா," என்பார். "அன்னைக்கு ஒரு தட்டு பீன்ஸும் சோள ரொட்டியும் இனாமா போடணும்."

"பன்னிக்கறியும் சேர்த்தே போடறேன். முதல்ல மாட்டுங்க."

ஏழு கோடைகாலமாக இதே பேச்சு.

குதிரைகள் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள், பின்னால் தனியாக வந்த ஒருவன் மட்டும் பழக்கதோஷத்தில் இறங்கினான். டுல்லி. டாப்னியின் மந்தையோடு மூன்று கோடையாக டெக்சாஸிலிருந்து வருகிறவன். முகமெல்லாம் வெயிலில் உரிந்திருக்கும், வாய் ஓயாது. பெல்ட்டின் கொக்கியைக்கூட அவிழ்த்துவிட்டான்.

"டேய் டுல்லி! என்னடா பண்றே?" என்று முன்னால் போனவன் கத்தினான். "முதலாளி சொன்னது மறந்துபோச்சா?"

டுல்லி நாக்கைக் கடித்துக்கொண்டு கொக்கியைத் திரும்ப மாட்டினான்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. இனிமே மாட்டவேண்டாமாம்."

"யார் சொன்னது?"

"முதலாளிதான். சட்டத்தை எடுத்தாச்சாம். உங்க மேயரே ஆள் அனுப்பிச் சொல்லியிருக்காரு. இடுப்புல துப்பாக்கி இல்லாம இருந்தாத்தான் எனக்கு உட்கார எழுந்திருக்க வசதி. என்ன பண்றது? மாட்டினவனுக்கு இந்த ஊர்லயே சம்பளக் கணக்கை முடிச்சு வேலையை விட்டு அனுப்பிடுவேன்னுட்டாரு."

அவன் சட்டைப்பையிலிருந்து கசங்கிய வாரப் பத்திரிகை ஒன்றை எடுத்தான். அட்டையில் எங்கள் மார்ஷல் இரண்டு கையிலும் இரண்டு துப்பாக்கியோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நிஜத்தில் அவருக்கு ஒரே துப்பாக்கிதான். முன்பல்லும் ஒன்று கிடையாது.

"மார்ஷல் இருக்காரா அக்கா? இதுல ஒரு வசனம் இருக்கு பாருங்க. 'என் பெயரைக் கேட்டால் மரணமே தொப்பியைக் கழற்றும்!' அதை அவர் வாயால ஒரு தடவை கேட்டுட்டா போதும், ஊருக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

அந்தப் பத்திரிகைக்காரன் கிழக்கே இருந்து வந்து என் கடையில் ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டுப் போனவன். மார்ஷலிடம் அவன் பேசியது ஒரே ஒரு மத்தியானம். அந்த வசனத்தை நான் படித்துக் காட்டியபோது மார்ஷல் காபி சிந்தச் சிந்தச் சிரித்தார்.

"நான் இவ்வளவு நீளமா பேசினா எதிர்ல நிக்கிறவன் சுட்டுட்டு, வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டும் வந்துடுவான்."

அவர் நிஜமாகச் சொல்லும் வசனம் வேறு. துப்பாக்கியோடு ஊருக்குள் வந்துவிட்ட யாரைப் பார்த்தாலும், கிட்டே போய், தோளில் கை வைக்காத குறையாகச் சொல்வார்: "ஆணியில மாட்டு தம்பி. ஆணி யாரையும் சுடாது." அவ்வளவுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் மாட்டிவிடுவார்கள். மாட்டாத இரண்டு பேரை அவர் சுட்டிருக்கிறார். அதில் ஒருவன் டாப்னியின் தம்பி. நடனக் கொட்டகையில் ஒரு பெண்ணைச் சுட்டுவிட்டு, அடுத்ததாக மார்ஷலை நோக்கித் திருப்பியவன். அவனைப் புதைத்த அன்று மார்ஷல் என் கடையில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தொடாமலே எழுந்து போனார்.

டுல்லி போனதும் வில்லைக் கம்பியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், அடுப்பில் பீன்ஸ் கொதிப்பதையும் விட்டுவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் ஓடினேன்.

மார்ஷல் அதற்குள் பிம்மின் கடையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஹொரேஸ் பிம்தான் எங்கள் மேயர். ஊரின் பெரிய மதுக்கூடமும் அவருடையதே. ஏசாவை இந்த ஊருக்கு அழைத்துவந்தவரும் அவர்தான்.

"மார்ஷல், நில்லுங்க! எங்க போறீங்க?"

"ஹொரேஸ் ஆள் அனுப்பினான். டாப்னியோட ஆளுங்க துப்பாக்கியோட அவன் கடையில நிக்கிறாங்களாம். உடனே வரச்சொன்னான். நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க? உங்க வாசலைத் தாண்டி எப்படி வந்தாங்க?"

"சட்டத்தை எடுத்துட்டாங்களாம். மேயரே டாப்னிக்குச் சொல்லி அனுப்பினாராம்."

மார்ஷல் நின்றார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஒரு துளி சந்தேகம் அதில் இல்லை.

"டெக்சாஸ்காரன் கதை விடறான். ஹொரேஸ் என்னைக் கேக்காம மீசையைக்கூடக் கத்தரிக்கமாட்டான்."

அது பொய்யில்லை. பெரிய பனிப்புயல் அடித்த வருடம், கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் வழி தெரியாமல் விழுந்துகிடந்த பிம்மை, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தேடிப் போய் முதுகில் சுமந்து வந்தவர் ஏசா. பிம்முக்குக் கால்விரல் இரண்டு போயிற்று. ஏசாவுக்கு இடது சுண்டுவிரல். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஏசாவுக்கு பிம் வீட்டில்தான். பிம்மின் மனைவி அவருக்கென்று தனி நாற்காலியே வைத்திருந்தாள்.

"எதுக்கும் கேட்டுட்டு அப்புறம் உள்ள போங்க," என்றேன்.

"கேக்கத்தானே போறேன்."

நான் பின்னாலேயே போனேன். பெண்கள் அந்தக் கதவைத் தாண்டுவதை ஊர் விரும்பாது. அன்று அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

உள்ளே டாப்னியின் ஆட்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி. எவன் கையிலும் கோப்பை இல்லை. மாதக்கணக்கில் புழுதி தின்றுவிட்டு வந்த மாட்டுக்காரர்கள் குடிக்காமல் நிற்கிறார்கள் என்றால் வேறெதற்கோ காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டாப்னி நடு மேசையில் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். சவரம் செய்து, சுத்தமான சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வந்தவன்போல் இருந்தான்.

மார்ஷல் கதவருகே நின்றிருந்த டுல்லியிடம் முதலில் போனார்.

"ஆணியில மாட்டு தம்பி. ஆணி யாரையும் சுடாது."

டுல்லியின் முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்றான் என்னைப் பார்த்து.

"எந்தச் சட்டப்படி மாட்டணும் லட்லோ?" டாப்னி கேட்டான். குரலில் சூடே இல்லை. "உங்க மேயரைக் கேளு."

மார்ஷல் தலையைத் திருப்பினார். பிம் உயரமான மரப்பலகைக்குப் பின்னால், பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஹொரேஸ், இவங்களுக்குச் சொல்லு."

பிம் துடைத்தார்.

"ஹொரேஸ்."

கோப்பையின் உட்புறத்தைத் துடைத்தார். வெளிப்புறத்தைத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

மார்ஷலின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தபோது அங்கே இல்லை.

"அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு போல. நானே சொல்றேன்," என்றான் டாப்னி. "என் மந்தையை இந்தத் தடவை அடுத்த ஊருக்கு ஓட்டிட்டுப் போறதா இருந்தேன். உங்க மேயர் கெஞ்சிக் கடிதாசி போட்டாரு. வர்றேன், ஆனா ரெண்டு விஷயம் வேணும்னு சொன்னேன். ஒன்னு, என் பசங்க துப்பாக்கியைக் கழட்ட மாட்டானுங்க. ரெண்டு, டன்மோர்ல மார்ஷல்னு ஒரு வேலையே இருக்கக்கூடாது. நேத்து சாயங்காலம் ஊர்ச் சபை கூடி ரெண்டையும் முடிச்சிட்டாங்க. நீ இப்ப மார்ஷல் இல்ல. நெஞ்சுல தகரத்தைக் குத்திக்கிட்டு நிக்கிற வெறும் ஆளு."

"அதுல உனக்கு என்ன லாபம்?"

"மார்ஷலைச் சுட்டா எனக்குத் தூக்கு. துப்பாக்கி கட்டின வெறும் ஆளை நேருக்கு நேர் நின்னு சுட்டா, ஜூரி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால என்னை வீட்டுக்கு அனுப்பிடும். இதுக்குத்தான் ரெண்டு வருஷம் காத்திருந்தேன். என் தம்பி பேரைச் சொல்லிட்டு வெளிய வா."

மார்ஷல் டாப்னியைப் பார்க்கவே இல்லை. கண் பிம் மேலேயே இருந்தது.

"போன ஞாயித்துக்கிழமை எனக்கு ரெண்டாவது தடவை கறி வச்சியே ஹொரேஸ். வேண்டாம்னு சொல்லச் சொல்ல வச்சியே. அப்பவே உனக்கு இது தெரியுமா?"

பிம் கோப்பையைக் கீழே வைத்தார். தலை லேசாக அசைந்தது. ஆமாம் என்றுதான்.

"இப்ப என்னை இங்க வரச்சொல்லி ஆள் அனுப்பினதும் நீதான்."

இதற்குத் தலையும் அசையவில்லை.

மேலே விளக்குச் சிம்னியில் ஈ முட்டுகிற சத்தம் கேட்டது. டாப்னி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். அவன் ஆட்கள் இரண்டு பக்கமும் விலகி வாசலுக்கு வழி விட்டார்கள். மார்ஷலின் கை எவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரியும். டாப்னி விழுவான். ஆனால் சுவரோரத்தில் எத்தனை துப்பாக்கிகள்! அவர் உயிரோடு அந்தத் தெருவைக் கடக்கப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

மார்ஷல் நெஞ்சில் குத்தியிருந்த தகர நட்சத்திரத்தைக் கழற்றினார். ஊசி சட்டையில் சிக்கிக்கொண்டது. பொறுமையாக விடுவித்து, பிம்முக்கு முன்னால் பலகைமேல் வைத்தார்.

பிறகு இடுப்பு பெல்ட்டை அவிழ்த்தார்.

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. துப்பாக்கியும் பெல்ட்டுமாகச் சுருட்டி என்னிடம் நீட்டினார்.

"லவினியாம்மா, ஒன்னாம் நம்பர்."

கம்பியிலிருந்து முதல் வில்லையை உருவி எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஏய்! அதைத் திரும்ப எடுத்துக் கட்டு!" டாப்னியின் குரலில் இப்போது சூடு வந்துவிட்டது.

"எதுக்கு?"

"எதுக்கா? ஆம்பளை மாதிரி வெளிய வாடா!"

"டாப்னி, ஏழு வருஷமா இதைக் கழட்டணும்னு எனக்கு ஆசை. மார்ஷலா இருக்கிற வரைக்கும் முடியாது. நீ போன்னு சொன்னாலும் நான் வந்துதான் ஆகணும், நீ சுட்டா நான் சுட்டுத்தான் ஆகணும். இப்ப நீயும் ஹொரேஸும் சேர்ந்து எனக்கு விடுதலை வாங்கிக் குடுத்துட்டீங்க. துப்பாக்கி கட்டின வெறும் ஆளைத்தானே சுடலாம்? என்கிட்ட துப்பாக்கியே இல்ல. சுடு பாப்போம். கான்சாஸ்ல எந்த ஜூரி உன்னை விடுதுன்னு பாப்போம்."

டாப்னியின் கை துப்பாக்கிப் பிடியில் இருந்தது. அங்கேயே இருந்தது. அவனுக்குத் தெரியும், அவன் ஆட்களுக்கும் தெரியும்: வெறுங்கை மனிதனைச் சுட்டவனுக்கு எந்த மாட்டுக்காரர் முகாமிலும் ஒருவனும் காபி ஊற்றமாட்டான்.

யாரோ ஒருவன் பயந்தாங்கொள்ளி என்று கேலி காட்டக் கோழிபோல் கொக்கரித்தான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். மார்ஷல் வாசலைத் தாண்டும்போது கடை முழுக்கக் கொக்கரித்தது. டுல்லி மட்டும் கொக்கரிக்கவில்லை. பத்திரிகை அட்டையையும் போகிற மனிதரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெரு முழுக்க ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். யாருடைய உயிரையெல்லாம் அவர் காப்பாற்றியிருந்தாரோ அவர்கள்தான். ஒருவரும் தொப்பியைத் தொடவில்லை. சபையில் கை தூக்கிய இரண்டு பேர் தீவனக் கடைக்குள் நுழைந்துகொண்டார்கள். நான் துப்பாக்கியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

கடைக்கு வந்து ஒன்றாம் நம்பர் ஆணியில் மாட்டினேன். பீன்ஸ் அடிப்பிடித்திருந்தது.

"பரவால்ல, போடுங்க," என்றார். "பன்னிக்கறி எங்க?"

நான் அழுதுகொண்டே கறி வைத்தேன். அவர் அந்தத் தீய்ந்த பீன்ஸை ஒரு பருக்கை விடாமல் தின்றார். மத்தியானம் முழுக்க அந்த ஆணிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை, என்னிடமா சுவரிடமா தெரியவில்லை, "ரெண்டாவது தடவை கறி வச்சான்," என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பிம் கடைப் பக்கமிருந்து சத்தம் ஆரம்பித்தது. முதலில் வெறும் வேடிக்கை வெடி, வானத்தைப் பார்த்து. ஏழு வருடமாக டன்மோரில் கேட்காத சத்தம். பிறகு கண்ணாடி உடைந்தது. குதிரை ஒன்று கனைத்தது. அதற்கப்புறம் ஒற்றை வெடி. அது வேடிக்கைச் சத்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு என்று பழைய நாட்களைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர் எல்லாருக்கும் தெரியும்.

மார்ஷல் எழுந்துவிட்டார். நினைத்து எழுந்தது இல்லை, கால் தானாக எழுந்தது. கை சுவரை நோக்கிப் போனது. ஆணிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. எடுத்தால், டாப்னி கேட்ட மாதிரி துப்பாக்கி கட்டின வெறும் ஆள் ஆகிவிடுவார். எடுக்காமல் இருந்தால் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும்.

அப்போதுதான் பிம் நொண்டி நொண்டி ஓடிவந்தார். சட்டையெல்லாம் கண்ணாடித் தூள்.

"ஏசா! வா ஏசா, சீக்கிரம் வா! கடையை நொறுக்கறானுங்க. பெரிய கண்ணாடி போச்சு. ஒருத்தனைச் சுட்டுட்டானுங்க, அவனுங்க ஆளையே! பிடில்காரனை எந்தப் பாட்டு வாசிக்கச் சொல்றதுன்னு சண்டை. அந்த டுல்லி... ஏசா, டாப்னி சொன்னாலும் எவனும் கேக்கமாட்டேங்கிறான்."

"டுல்லியா?" என்றேன். என் கையிலிருந்த தட்டு நழுவியது.

"சட்டம் இருக்கா ஹொரேஸ்?" மார்ஷல் கேட்டார்.

"போட்டுடறேன்! இப்பவே சபையைக் கூட்டறேன். நட்சத்திரம் இதோ இருக்கு, கொண்டுவந்திருக்கேன் பாரு." பையிலிருந்து எடுத்து நீட்டினார். மார்ஷல் அதைத் தொடவில்லை.

"ஒன்னே ஒன்னு சொல்லு. ஏன் நீ என்கிட்ட நேராச் சொல்லலை? 'ஏசா, வியாபாரம் படுத்துடும், நீ போயிடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நட்சத்திரத்தை உன் சாப்பாட்டு மேசையிலயே கழட்டி வச்சிருப்பேன். கோபப்பட்டிருக்கக்கூட மாட்டேன்."

பிம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயமா இருந்துச்சு ஏசா."

"டாப்னியைப் பாத்தா?"

"உன்னைப் பாத்து."

மார்ஷல் புரியாதவர்போல் அவரையே பார்த்தார்.

"உன் வேலையைப் பறிக்கிறேன்னு சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியலை. அந்தப் பத்திரிகையை நானும் படிச்சேன். எதிர்த்துப் பேசினவனையெல்லாம் நீ... எத்தனை பேருன்னு போட்டிருந்தான்."

"நீயா? நீ இங்கயே இருந்தவன் ஹொரேஸ். ரெண்டு பேருதான்னு உனக்குத் தெரியாதா? உன்னை முதுகுல தூக்கிட்டு வந்தப்ப அந்தப் பத்திரிகைக்காரனா கூட இருந்தான்?"

பிம் தலையைக் குனிந்துகொண்டார். காலையில் கோப்பையைத் துடைத்தபோது பார்த்த முகத்தைவிட இந்த முகம்தான் மார்ஷலுக்கு அதிகம் வலித்திருக்கவேண்டும். தோள் இரண்டும் தளர்ந்துவிட்டன. விற்றவனை மன்னிக்கலாம். ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன், மூன்றாம் மனிதன் எழுதியதை நம்பி, தன்னைப் பார்த்துப் பயந்துகொண்டே கறி பரிமாறியிருக்கிறான்.

துப்பாக்கியைப் பார்க்காமலே மார்ஷல் வெளியே நடந்தார். வெறுங்கையோடு.

"ஏசா, அதை எடுத்துக்க!" பிம் கத்தினார்.

அவர் திரும்பவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். பிம் கடைக்குள் அவர் போனதும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உள்ளே நடந்ததை பிடில்காரன் பிறகு சொன்னான். மார்ஷல் ஒரு வார்த்தை பேசவில்லையாம். டுல்லி தரையில் கிடந்த இடத்துக்கு நேராகப் போய், குனிந்து, அவனைத் தூக்கியிருக்கிறார். சுட்டவன் அவனுடைய சிநேகிதன்தான். காலையில் "டேய் டுல்லி, என்னடா பண்றே" என்று கத்தியவன். அவன் மூலையில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதுகொண்டிருந்தானாம்.

டாப்னி மட்டும் கேட்டானாம்: "இவன் அம்மாவுக்கு நான் என்னன்னு எழுதறது?"

மார்ஷல் அவன் பக்கம் திரும்பாமலே வாசலுக்கு நடந்தாராம்.

அவர் டுல்லியைச் சுமந்துகொண்டு தெருவில் வந்தார். பிம்மைச் சுமந்துவந்த அதே தெரு. பின்னால் சில மாட்டுக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்கள். என் கடையின் நீள மேசையில் அவனைக் கிடத்தினோம். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், யாரும் கேட்காமலே, பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். வில்லை வாங்கிக்கொள்ள ஒருவனும் கை நீட்டவில்லை. டாப்னி வரவில்லை.

டுல்லியின் பையில் அந்தப் பத்திரிகை இருந்தது. மார்ஷல் அதை எடுத்து, அட்டைப் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, என் அடுப்பில் போட்டார்.

மறுநாள் மேற்கே போகிற ரயிலில் ஏறினார். ஒரே ஒரு தோல்பை. பிம் ரயிலடிக்கு வந்திருந்தார். தூரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். மார்ஷல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"துப்பாக்கியை என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"மாட்டியே இருக்கட்டும் லவினியாம்மா. ஆணி யாரையும் சுடாது."

அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அவர் எங்கோ பழத்தோட்டம் போட்டதாக ஒருவன் சொன்னான். காய்ச்சலில் போய்விட்டதாக இன்னொருவன் சொன்னான். எனக்குக் கடிதம் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் பத்திரிகை மட்டும் வந்தது. டன்மோரில் ஏசா லட்லோ தன்னந்தனியாகப் பதினோரு டெக்சாஸ்காரர்களைச் சுட்டு வீழ்த்தினார் என்றும், கடைசி ஆள் விழும்போது மரணமும் தொப்பியும் பற்றிய அந்த வசனத்தைச் சொன்னார் என்றும் அந்தப் பத்திரிகைக்காரன் எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு ஊர் பார்க்க ஆட்கள் ரயிலேறி வர ஆரம்பித்தார்கள். மந்தைகள் நின்றுபோன பிறகும் பிம்முக்கு வியாபாரம் நடந்தது அவர்களால்தான். புதுக் கண்ணாடி வைத்து, வாசலில் ஒரு பலகையும் அடித்தார்: "ஏசா லட்லோவின் கடைசிச் சண்டை நடந்த இடம். அவருடைய உயிர் நண்பர் ஹொரேஸ் பிம்மிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்."

கேட்டவர்களுக்கெல்லாம் பிம் சொன்னார். எப்படிச் சொல்வார் என்று கேட்கக் கடைக்குள் ஒரு தடவை போனேன். கண்ணில் தண்ணீர் வரச் சொன்னார். பதினோரு பேரையும் பெயரோடு சொன்னார். கோப்பை துடைத்தது மட்டும் அதில் இல்லை.

ஒரு நாள் அவரே பாலத்தடிக்கு வந்தார்.

"லவினியா, அந்தத் துப்பாக்கியைக் குடேன். கண்ணாடிக்கு மேல மாட்டி வச்சா வர்றவங்க பாப்பாங்க. அவன் ஞாபகமா இருக்கும். நான்தானே அவனுக்கு ரொம்ப நெருக்கம்?"

நான் மேசையில் சோள மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, அவர் முன்னால் நீட்டினேன்.

"என்ன?" என்றார்.

"ஒன்னாம் நம்பர் வில்லை. எடுங்க."

அவர் என் கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சட்டைப்பை மேல் அவர் கை ஒரு கணம் போனது, அங்கே ஏதோ இருக்கப்போகிற மாதிரி. பிறகு நொண்டிக்கொண்டே கடைத்தெருப் பக்கம் திரும்பி நடந்தார்.

நான் மறுபடி மாவில் கை வைத்தேன்.